கொட்டகையில் கிடக்கும் பழைய பிக்கப்பை வாங்கலாமா?

பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு ஒரு வாசகர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சுருக்கம் இது. அவருக்கு வயது 43. அப்பா வாழ்நாள் முழுக்க வண்டி ஓட்டியவர். அப்பா ஓட்டிய அதே மாதிரி செவர்லே 3100 பிக்கப் ஒன்று ஒரு கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் முப்பது வருடமாகக் கிடப்பது இவருக்குத் தெரியவந்திருக்கிறது. யாரும் கை வைக்காத வண்டி. உரிமையாளர் ஆறு வருடத்துக்கு முன் இறந்துவிட்டார், மகன் விற்கிறார். பதிவு இன்னும் இறந்தவர் பெயரில்தான் இருக்கிறது. அசல் பதிவுச் சான்று தொலைந்துவிட்டதாம், பழைய காப்பீட்டு ரசீது ஒன்று மட்டும் இருக்கிறதாம். விற்பவருக்கு இரண்டு சகோதரிகள், "அவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்கிறார். வண்டி 1949 மாடல், எஞ்சின் ஜாம் இல்லை, பேட்டரி வைத்தால் ஓடும், பணத்தோடு இன்னொருவரும் காத்திருக்கிறார் என்றும் சொல்லியிருக்கிறார். பக்கத்திலேயே நிற்கும் பெரிய லாரியையும் சேர்த்து எடுத்தால் விலையில் தள்ளுபடி. இதற்கிடையே வேறோர் இடத்தில் இதே மாடலில் முழுக்கப் புதுப்பித்த சிவப்பு வண்டி ஒன்று இரண்டு மடங்கு விலைக்குக் கிடைக்கிறது. மனைவி, "பணத்தைக் கொண்டுபோய்த் துருவில் போடாதீங்க" என்கிறார். இவர் வரும் ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுத்து, வண்டியை ஓட்டியே வீட்டுக்குக் கொண்டுவந்து, மணல் பீய்ச்சிச் சுரண்டி, நல்ல பளிச்சென்ற நிறத்தில் பெயிண்ட் அடிக்கலாம் என்று இருக்கிறார். காகிதத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. கூடவே பதினான்கு படங்கள்.

நண்பரே, பழைய வண்டிகளைப் பரிசோதித்து மதிப்புச் சொல்வதுதான் இருபது வருடத்துக்கும் மேலாக என் தொழில். உங்கள் படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதலில் நல்ல செய்தி: ஆசைப்படத் தகுந்த வண்டிதான். ஆனால் உங்கள் திட்டத்தில் வரிசை அப்படியே தலைகீழாக இருக்கிறது. அட்வான்ஸ், ஓட்டிக்கொண்டு வருவது, சுரண்டுவது, பெயிண்ட், கடைசியில் காகிதம் என்று எழுதியிருக்கிறீர்கள். காகிதம்தான் முதலில் வர வேண்டும், அப்புறம் சேஸிஸும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) கேபினும், அப்புறம் எஞ்சின். பெயிண்ட் வேலை இந்த வருடம் வேண்டவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போங்கள், ஆனால் பார்க்க மட்டும் போங்கள்.

காகிதம் ஏன் முதலில்

துருவைச் சரிசெய்யலாம், ஜாம் ஆன எஞ்சினையும் சரிசெய்யலாம், உங்கள் பெயருக்கு மாற்ற முடியாத வண்டியை ஒன்றும் செய்ய முடியாது. ஓட்டவும் முடியாது, காப்பீடு எடுக்கவும் முடியாது, பின்னால் நியாயமான விலைக்கு விற்கவும் முடியாது. விற்பவர் நல்லவராகவே இருக்கட்டும், நான் அவரைச் சந்தேகப்படவில்லை. ஆனால் தன்னிடம் முழுதாக இல்லாத உரிமையை ஒருவர் இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது என்பது பல நாடுகளின் சட்டத்தில் அடிப்படை. விற்பவரின் அப்பா இறந்தபின் வண்டி வாரிசுகளின் சொத்து. உயில் இருந்தால் உயில்படி, இல்லையென்றால் சட்டம் சொல்லும் வாரிசுகளுக்கு. சகோதரிகள் "ஒன்றும் சொல்ல மாட்டார்கள்" என்றால் மிகவும் நல்லது, அதை அவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரட்டும். என்னிடம் வந்த ஒருவர், பெரிய காரொன்றை இப்படித்தான் வாய்வார்த்தையில் வாங்கி, ஒன்றரை வருடம் உழைத்து அழகாக நிறுத்தினார். வண்டி அழகானபிறகு விற்றவரின் தம்பி பங்கு கேட்டு வந்தார். குப்பையாகக் கிடந்தபோது யாருக்கும் வேண்டாத வண்டி அது.

ஆகவே பணம் எதுவும் கை மாறுவதற்கு முன் சில விஷயங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும். வாரிசு என்பதற்கான ஆவணமும் எல்லா வாரிசுகளின் கையெழுத்தும் வேண்டும். தொலைந்த பதிவுச் சான்றுக்கு மாற்றுப் பிரதி வாங்க முடியுமா என்று பதிவு அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பெற்ற பதில் வேண்டும். வண்டிமேல் கடன் பாக்கியோ திருட்டுப் புகாரோ இல்லை என்ற உறுதியும் வேண்டும். நடைமுறை இடத்துக்கு இடம் மாறும், நீண்ட காலம் புதுப்பிக்காத பதிவைச் சில இடங்களில் ரத்தே செய்திருப்பார்கள். அதனால் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், மெக்கானிக் சொன்னார் என்று போகாமல் அலுவலகத்திலேயே கேளுங்கள். மாற்றுப் பிரதி எடுக்கும் அலைச்சலை விற்பவர் ஏற்கட்டும், பிரதி வந்தபின் வாங்குவதாகச் சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் சின்னத் தொகையாகக் கொடுத்து, காகிதம் இத்தனை நாளில் வராவிட்டால் பணம் திரும்ப வர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். அந்த "காத்திருக்கும் இன்னொருவர்" உண்மையாகவும் இருக்கலாம். இருந்தாலும் அவருக்கும் இதே காகிதம்தான் வேண்டும்.

எண் பற்றியும் ஒரு வார்த்தை. "தகட்டில் உள்ள எண் ரொம்பச் சின்னதாக இருக்கிறது, போலியோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. வண்டியை அடையாளம் காட்ட 17 எழுத்தும் இலக்கமும் கொண்ட எண் என்ற ஒழுங்கு 1981 மாடல்களில் இருந்துதான் வந்தது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி எண் போட்டது. அதைவிடக் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் காலத்தில் சில இடங்களில் எஞ்சின் எண்ணை வைத்தே வண்டியைப் பதிவு செய்தார்கள். எழுபது வருடத்தில் எஞ்சின் ஒருமுறை மாறியிருந்தாலும் காகிதத்தில் ஓர் எண், வண்டியில் வேறோர் எண் என்று நிற்கும். எனவே கதவுத் தூணில் உள்ள தகடு, எஞ்சின் பிளாக், சேஸிஸ் என எண் கிடைக்கும் எல்லா இடத்தையும் படம் எடுத்து, அந்தக் காப்பீட்டு ரசீதோடு ஒப்பிடுங்கள். தகட்டின் ரிவெட்டுகள் புதிதாகப் பளபளத்தால் என்னிடம் சொல்லுங்கள். எண் பொருந்தவில்லை என்பதற்காக வேறு வண்டியின் தகட்டைக் கொண்டுவந்து பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள், அது குற்றம்.

இது 1949 வண்டிதானா?

உங்கள் நான்காவது படத்தில் ஓட்டுநர் பக்கக் கதவு நன்றாகத் தெரிகிறது. கண்ணாடிக்கு முன்பக்கம் முக்கோணமாக, தனியாகத் திறக்கிற சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறது பாருங்கள். அது இந்த வண்டிகளில் 1951-இல்தான் வந்தது. கைப்பிடியில் கட்டைவிரலால் அழுத்தும் பொத்தான் இருக்கிறது. அது 1952-இல் வந்தது, அதற்கு முன்னால் கீழே திருகும் கைப்பிடிதான். ஆனால் முன்பக்க கிரில்லில் (எஞ்சினுக்கு முன்னால் உள்ள கம்பித் தடுப்பு) ஐந்து கிடைக்கம்பிகள் இருக்கின்றன, முன்கண்ணாடியும் இரண்டு துண்டாக இருக்கிறது. 1954-இல் அந்த கிரில்லும் மாறிவிட்டது, முன்கண்ணாடியும் ஒரே துண்டாகிவிட்டது. ஆக, ஒன்று இது 1952 அல்லது 1953 வண்டி. இல்லையென்றால் 1949 வண்டிக்கு யாரோ பின்னால் வந்த கதவை மாட்டியிருக்கிறார்கள். முதலாவதாக இருந்தால் குறை ஒன்றும் இல்லை, விற்பவருக்கு நினைவு தவறியிருக்கிறது அவ்வளவுதான். இரண்டாவதாக இருந்தால் "யாரும் கை வைக்கவில்லை" என்ற பேச்சு நிற்காது. மறுபக்கக் கதவையும் பாருங்கள், இரண்டு கதவும் ஒரே மாதிரி இருந்து, கீல் பக்கத்துப் பெயிண்ட் கேபின் உள்பக்கப் பெயிண்டோடு பொருந்தினால் எனக்கு நிம்மதி.

துரு எங்கே ஒளிந்திருக்கும்

மேலே தெரியும் பழுப்புத் துருவைப் பார்த்து உங்கள் மனைவி பயந்திருக்கிறார். பானெட்டின் மேலும் கூரையிலும் பரவியிருக்கும் அந்தத் துரு பெரும்பாலும் மேலோட்டமானது, தகடு கெட்டியாகத்தான் இருக்கும். கவலைப்பட வேண்டிய இடங்கள் படத்தில் விழாதவை. இந்த மாடலில் கேபினின் பின்பக்கக் கீழ் மூலைகள் இரண்டும், கால் வைக்கும் தரையும், கதவுக்குக் கீழே உள்ள படியும்தான் முதலில் போகும். தண்ணீரும் மண்ணும் அங்கேதான் தங்கும். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அந்த மூலைகளில் மெதுவாக நகர்த்துங்கள். ஒட்டாமல் வழுக்கினால் அடியில் தகடு இல்லை, யாரோ பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். பின்பக்கச் சரக்குத் தரை மரப்பலகை, இடையிடையே இரும்புப் பட்டை. பலகை போயிருந்தால் போகட்டும், மாற்றிக்கொள்ளலாம். பலகைக்கு அடியில் உள்ள குறுக்குச் சட்டங்களைத்தான் பார்க்க வேண்டும்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கப் பழைய துணியும் டார்ச்சும் எடுத்துப் போங்கள். ஜாக்கியில் மட்டும் நிற்கும் வண்டிக்கு அடியில் தலையை நுழைக்காதீர்கள். சேஸிஸ் சட்டத்தில் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களை ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று கேட்டால் நல்லது, மொத்தென்று கேட்டால் அங்கே இரும்பு அடுக்கடுக்காக உப்பியிருக்கும். விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தட்டுங்கள். பழைய வெல்டிங் தழும்பு, நேர்கோட்டில் இல்லாத சட்டம், ஒரு பக்கம் மட்டும் புதிதாகத் தெரியும் கறுப்புப் பூச்சு இவற்றையெல்லாம் படம் எடுங்கள்.

இன்னொன்று, முப்பது வருடக் கொட்டகை என்றால் எலி இல்லாமல் இருக்காது. சீட்டுக்குள்ளும் காற்று வரும் குழாய்களிலும் கூடு கட்டியிருக்கும். எலிக் கழிவால் வரும் நோய்கள் லேசானவை அல்ல, முகக்கவசம் போடாமல் அந்த கேபினுக்குள் தலையை விடாதீர்கள், காய்ந்த குப்பையைப் பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள். பிரேக் டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதவே கூடாது, அந்தக் காலத்துப் பிரேக் லைனிங்கில் கல்நார் இருந்தது.

"பேட்டரி வைத்தால் ஓடும்"

இதை நான் எத்தனை முறை கேட்டிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. ஓடுமா ஓடாதா என்பது விலையைக் கொஞ்சம் மாற்றும், வாங்குவதா வேண்டாமா என்பதை மாற்றக் கூடாது. உங்கள் முன்னால் ஓட்டிக் காட்டுகிறேன் என்று விற்பவர் ஆர்வமாக வந்தால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள். இந்த வண்டியின் மின்சாரம் 6 வோல்ட், அவர் கொண்டுவரும் பேட்டரி 12 வோல்ட்டாகத்தான் இருக்கும். சிலிண்டர் சுவரில் துரு, வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம், டேங்கில் இருப்பது பெட்ரோல் அல்ல, வார்னிஷ் போன்ற பிசின். ஸ்டார்ட்டரை வைத்து வலுக்கட்டாயமாகச் சுற்றினால் பிஸ்டன் வளையம் உடையும், வால்வைத் தள்ளும் தண்டு வளையும். பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் துரு இளக்கும் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவிட்டு, அப்புறம் கையால் திருப்பிப் பார்ப்பதுதான் முறை. கையால் திரும்பினால் அதுவே போதுமான நல்ல செய்தி.

1953 வரை இந்த பிக்கப்பில் வந்தது 216 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சின். அதன் கனெக்டிங் ராடுகளுக்கு (பிஸ்டனைக் கீழே உள்ள சுழல்தண்டோடு இணைக்கும் தண்டுகள்) எண்ணெய் முழு அழுத்தத்தில் போவதில்லை, கீழே தொட்டியில் உள்ள எண்ணெயைக் கரண்டி போன்ற முனைகள் வாரி அடித்துக்கொள்ளும். பேரிங்கும் கழற்றி மாட்டும் ரகம் அல்ல, உருக்கி ஊற்றிய பாபிட் என்ற மென்மையான உலோகக் கலவை. அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள். எஞ்சினைப் பிரிக்க நேர்ந்தால் செலவு எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். நிதானமாக ஓட்டினால் நன்றாக உழைக்கும் எஞ்சின்தான், உங்கள் அப்பா அதில்தான் ஓட்டியிருப்பார்.

ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவது மட்டும் கூடவே கூடாது. பிரேக்குக்கு ஒரே ஒரு குழாய்ச் சுற்றுதான், ஓரிடத்தில் எண்ணெய் கசிந்தால் நான்கு சக்கரமும் கையை விரித்துவிடும். முப்பது வருட ரப்பர், முப்பது வருட டயர். போதாததற்கு பெட்ரோல் டேங்க் கேபினுக்குள், உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவாருங்கள், அந்தச் செலவையும் இப்போதே விலைப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெயிண்ட்: இங்கேதான் உங்களோடு எனக்குச் சண்டை

பளபளப்பாக்கினால் மதிப்பு ஏறும் என்று நினைக்கிறீர்கள். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் தொழிலுக்கு வந்த புதிதில் நினைத்தேன். 2013 செப்டம்பரில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் பியர்ஸ் என்ற சிற்றூரில், மூடிக் கிடந்த ஒரு செவர்லே விற்பனையகத்தின் சுமார் 500 வண்டிகளை ஏலம் விட்டார்கள். அதில் 1958-ஆம் ஆண்டு கேமியோ பிக்கப் ஒன்று, மொத்தமாக ஓடியதே ஒரு மைலுக்குச் சற்று அதிகம், கூரையில் விழுந்த நெளிவோடு அப்படியே 1,40,000 டாலருக்குப் போனது. பெயிண்ட் அடித்துப் புதிதாக்கிய பிக்கப் எத்தனையோ கிடைக்கும், கம்பெனியில் இருந்து வந்தபடியே நிற்கும் வண்டியைத் திரும்ப உண்டாக்க முடியாது. உங்கள் வண்டி அந்தத் தரம் அல்ல, உழைத்த வண்டி, அந்த விலையைக் கனவு காணாதீர்கள். விற்பவரும் காணக் கூடாது. 2015-இல் பாரிஸில், கொட்டகையில் பழைய பத்திரிகைக் கட்டுகளைச் சுமந்துகொண்டு கிடந்த 1961 ஃபெராரி 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் விற்றதில் இருந்து, தார்ப்பாய் மூடிய எதையும் புதையல் என்று சொல்லி விலை கேட்கிறார்கள். செவர்லே இந்த மாதிரி பிக்கப்பை லட்சக்கணக்கில் செய்தது. தூசிக்குத் தனி விலை கொடுக்காதீர்கள்.

ஆனால் கம்பெனி பெயிண்ட் உண்மையிலேயே மிச்சம் இருந்தால் அது வேறு விஷயம். ஒரு வாடிக்கையாளர் எனக்காக வண்டியைச் "சுத்தமாக வைத்திருக்கிறேன்" என்று எஞ்சின் பகுதியை உயர் அழுத்தத் தண்ணீரில் கழுவி வைத்திருந்தார். முன்பு அனுப்பிய படத்தில், உள் தகட்டில் தொழிற்சாலைக்காரர் கையால் போட்ட மஞ்சள் கிரேயான் குறி ஒன்று இருந்தது. நான் போனபோது அந்த இடம் வெறும் தகடாக இருந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. மணல் பீய்ச்சினால் இதெல்லாம் ஒரு மதியத்தில் போய்விடும், போதாக்குறைக்கு தட்டையான பெரிய தகடுகள் நெளிந்தும் போகும். எனவே வண்டி வந்தபின்னும் முதல் சில மாதம் தூசி தட்டுவது, படம் எடுப்பது, பிரேக், எரிபொருள் குழாய், ஒயரிங் இவற்றைச் சரிசெய்வது, இவ்வளவோடு நிறுத்துங்கள். பெயிண்ட் எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம்.

பெரிய லாரியும் சிவப்பு வண்டியும்

லாரி வேண்டாம். தள்ளுபடி என்பதற்காக நிறுத்த இடமில்லாத, தூக்க ஆளில்லாத ஒன்றை எடுக்காதீர்கள். அதன் சக்கரங்களைப் படத்தில் பார்த்தால் பல துண்டு ரிம் மாதிரி தெரிகிறது. அதாவது டயரைப் பிடித்துக்கொள்ள வெளியே தனி வளையம் பூட்டியிருக்கும். துருப்பிடித்த அந்த வளையம் காற்றடிக்கும்போது தெறித்து ஆட்களைக் கொன்றிருக்கிறது. கூண்டுக்குள் வைத்து, அது தெரிந்தவர்தான் காற்றடிக்க வேண்டும். விற்பவருக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

சிவப்பு வண்டியை நீங்கள் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள், நான் தள்ள மாட்டேன். அடுத்த மாதமே குடும்பத்தோடு ஏறி ஒரு சுற்று வர வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் அதுதான் உங்களுக்கான வண்டி. புதுப்பிக்கும் செலவைக் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு மடங்கு விலை அதிகமே இல்லை. ஒரே நிபந்தனை: வேலை நடந்தபோது எடுத்த படங்களையும் பில்களையும் கேளுங்கள். பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று காட்ட முடியாதவரிடம் பளபளப்பை வாங்காதீர்கள். கொட்டகை வண்டியில் குறை எல்லாம் கண்ணுக்குத் தெரியும், இதில் தெரியாது. மாறாக, வார இறுதிகளில் நான்கைந்து வருடம் கையில் கிரீஸோடு இருப்பதே சந்தோஷம் என்றால் கொட்டகை வண்டி. இதை நீங்கள் மட்டும் முடிவு செய்யாதீர்கள், மனைவியோடு உட்கார்ந்து பேசுங்கள். அவர் துருவைச் சொன்னாலும் பணத்தையும் நேரத்தையும் பற்றித்தான் கேட்கிறார், கேட்க வேண்டிய கேள்விதான்.

இரண்டும் சரிவராவிட்டாலும் பதற்றப்படாதீர்கள். இந்த மாடல் இன்னும் நிறைய இருக்கிறது, உதிரிப் பாகங்களும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். உரிமையாளர் சங்கங்களில் சேருங்கள், அங்கே விளம்பரத்துக்கு வரும் முன்னே வண்டி கைமாறும். தொழிலை விடும் பழைய மெக்கானிக்குகளிடம் சொல்லிவையுங்கள். படம் மங்கலாக, மாடல் பெயர் தப்பாகப் போட்ட விளம்பரங்களைத் தேடுங்கள், நல்ல வண்டிகள் பல அங்கேதான் கிடைத்திருக்கின்றன.

கடைசியாக உங்கள் ஒன்பதாவது படம். பயணி பக்கக் கதவில், மேலே அடித்த பச்சைப் பெயிண்ட் தேய்ந்த இடத்தில், வளைந்த கோடுகள் நான்கைந்து தெரிகின்றன. "கீறல்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தூரிகையால் எழுதிய எழுத்து மாதிரி இருக்கிறது. அந்தக் காலத்தில் சரக்கு வண்டி வைத்திருந்தவர்கள் கடைப் பெயரையும் ஊரையும் கதவில் எழுதி வைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, ஈரத் துணியால் அந்த இடத்தை ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். டார்ச்சைக் கதவோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பெயர் ஒன்று படிக்கக் கிடைத்துவிட்டால், முதல் உரிமையாளர் யார் என்று பதிவு அலுவலகத்தின் பழைய ஏடுகளில் தேட அதுவே ஒரு முனை.